மலைநாட்டு முற்றத்தில் கிராப் அப்பிள் பூக்குமா?

கந்தப்பளைப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிபோயிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா வீட்டு முற்றத்தில், வசந்தம் வந்ததும் கிளை தெரியாத அளவுக்கு ரோஸ் நிறத்தில் பூக்கிற கிராப் அப்பிள் மரத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். நம்ம ஊர்க் குளிருக்கு அது வருமா, அக்காவிடம் விதையோ கன்றோ கொண்டுவரச் சொல்லலாமா, எங்கே எப்படி நடுவது என்பதுதான் கேள்வி. "இங்கே மரம் வரும், பூ வராது" என்று அவருடைய அப்பா சொல்கிறாராம்.

அப்பா சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதோடு முடியாது. மரத்தைத் தூங்கவைத்து எழுப்புகிற வேலையைக் கனடாவில் குளிர்காலம் செய்கிறது. இங்கே அதை நீங்கள்தான் செய்யவேண்டும். அதற்குத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் மரத்தைப் பற்றி. அப்பிள் வகையில் காய் 2 அங்குலத்துக்கு மேல் பெருக்காத மரங்கள் எல்லாவற்றையும் கிராப் அப்பிள் என்றுதான் சொல்கிறார்கள். சைபீரியா, ஜப்பான், சீனா, வட அமெரிக்கா என்று பல இடத்துக் காட்டு அப்பிள்களும், அவற்றைக் கலந்து உண்டாக்கிய நூற்றுக்கணக்கான தோட்ட வகைகளும் இதில் அடங்கும். மொட்டாக இருக்கும்போது கடும் ரோஸ், விரிந்ததும் வெளிர் ரோஸ் அல்லது வெள்ளை, ஐந்து இதழ், கொத்துக்கு ஐந்தாறு பூ என்பது பொதுவான தோற்றம். கடும் சிவப்பாகவே நிற்பவையும் உண்டு. இவை ஏறக்குறைய எல்லாமே இலையுதிர்த்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்கிப் பழகிய ஊர்களின் மரங்கள்.

அந்தத் தூக்கத்தில்தான் சிக்கல். பூமொட்டு முந்தின பருவத்திலேயே கிளையில் உருவாகிவிடும். ஆனால் போதுமான குளிரைக் கண்ட பிறகுதான் அது விழிக்கும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே, உறைநிலைக்கு மேலே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரம் கணக்கு வைத்திருப்பது மாதிரி. தோட்டக்காரர்களும் அதை அப்படியே குளிர் மணிக்கணக்கு என்கிறார்கள். பெரும்பாலான கிராப் அப்பிள் வகைகள் பல நூறு மணி நேரம் கேட்கும், சில 1,000 மணி நேரம் வரையும் கேட்கும். கனடாவில் இது பெரிய காரியமே இல்லை.

நுவரெலியாக் கணக்கைப் பாருங்கள். நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அதாவது 6,128 அடி. வருடச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் துகள் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது விடியற்காலைச் சங்கதி. ஒரு பேச்சுக்கு, அப்படிக் குளிரான இரவு 40 என்றும், ஒவ்வொன்றிலும் 5 மணி நேரம் 7 பாகைக்குக் கீழே போகிறது என்றும் வைத்துக்கொண்டால்கூட 200 மணி நேரம்தான் ஆகிறது. அதிலும் பகலில் வெயில் ஏறி 16 பாகையைத் தாண்டினால், இரவில் சேர்த்த குளிரில் ஒரு பங்கு கழிந்துவிடும். நம்ம ஜனவரியில் பகல் வெயில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குளிர் போதாத மரம் செத்துப்போவதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கிளை நுனியில் மட்டும் நாலு இலை துளிர்க்கும், நடுக்கிளை மொட்டையாகவே நிற்கும். பழைய இலை பாதி உதிராமல் தொங்கும். மார்ச்சில் இங்கே ஒரு பூ, ஜூனில் அங்கே ஒரு பூ என்று வரும். வருடத்துக்கு வருடம் மரம் களைத்துக்கொண்டே போகும். "பசளை போதாது போல" என்று வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் போடுவார், அதில் இலைதான் அதிகமாகும்.

"சீனாவில் குன்மிங் நகரமும் நம்ம உயரம்தான், அங்கே பார்க்கில் கிராப் அப்பிள் பூத்துக் கொட்டுகிறதே" என்று சிலர் கேட்பார்கள். உயரம் ஒன்றுதான், கிட்டத்தட்ட 1,900 மீற்றர். ஆனால் குன்மிங் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 25 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் உண்டு. நாம் 7 பாகை அகலக்கோட்டில் இருக்கிறோம். நமக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே காலநிலை, இரவும் பகலும்தான் மாறும். ஆகவே மலை உயரத்தை மட்டும் பார்த்து வகையைத் தெரிவு செய்யாதீர்கள்.

எந்த ஊரில் இதற்கு இறங்கலாம் என்றால், நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளை, ஹக்கலைப் பக்கம் முயலலாம். 1,700 மீற்றருக்கு மேல் இருக்கிற இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1,200, 1,300 மீற்றர் உயரம். அங்கே இருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிட்டு, கடைசியில் நான் சொல்கிற மாற்று மரங்களைப் பார்ப்பது நல்லது. ஹப்புத்தளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே குளிரைவிடக் காற்றுதான் பெரிய தொல்லை. தங்கச்சி கந்தப்பளையில் இருப்பதால் இடம் பொருத்தம்.

சரி, எந்த வகை? அக்கா வீட்டில் இருக்கும் அதே வகையை மறந்துவிடுங்கள். கனடாவில் நர்சரிகளில் விற்பது குளிர் தாங்குவதற்கென்றே தெரிவு செய்த மரங்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிர், குறைந்த குளிரில் விழிக்கிற மரம். இந்த விஷயத்தில் பேர் எடுத்தவை இரண்டு அப்பிள். ஒன்று 'அன்னா', இஸ்ரேலில் சூடான இடத்துக்கென்றே உருவாக்கியது. இன்னொன்று 'டோர்செற் கோல்டன்', பஹாமாஸ் தீவில் 1950களில் போட்ட கோல்டன் டெலிஷியஸ் அப்பிள் விதையிலிருந்து வந்த மரம். இரண்டுமே 200, 300 மணி நேரக் குளிருக்குள் பூக்கக்கூடியவை. கணக்காகப் பார்த்தால் இவை கிராப் அப்பிள் இல்லை, காய் பெரிதாகும். ஆனால் உங்களுக்கு வேண்டியது பூ. மொட்டில் ரோஸ், விரிந்தால் வெள்ளை கலந்த ரோஸ், அதே ஐந்து இதழ், அதே கொத்து. முற்றத்தில் பூத்து நின்றால் பார்க்க வருகிறவர் வித்தியாசம் சொல்லமாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக் காயும் பிடிக்கும். அப்பிள் வகை பொதுவாகத் தன் பூவின் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது.

என்னைக் கேட்டால், முதல் மரமாக 'அன்னா'வை வையுங்கள். அது உங்கள் மண்ணில், உங்கள் கைப்பழக்கத்தில் ஒழுங்காகப் பூக்கத் தொடங்கிய பிறகு உண்மையான கிராப் அப்பிளுக்குப் போகலாம். அப்போது சீனத்துத் தெற்கு மாகாணங்களில் வளர்க்கிற, பூ கீழ்நோக்கித் தொங்கும் ஹாலியானா என்ற இனத்தை முதலில் முயலலாம். சைபீரிய இனத்தையும் அதன் வழிவந்தவற்றையும் இங்கே கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

விதையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முளைக்கும். விதையை ஈர மணலில் கலந்து, பொலித்தீன் பையில் கட்டி, பிரிட்ஜில் கீழ்த்தட்டில் 60 முதல் 90 நாள் வைத்து எடுத்தால் முளை வரும். பக்கத்திலேயே மற்றப் பழங்களை வைக்கக் கூடாது, பழுக்கும்போது வரும் வாயு விதையைக் கெடுக்கும். ஆனால் வருகிற மரம் தாய்மரம் மாதிரி இருக்காது. அப்பிள் குடும்பத்தில் ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். அது என்ன நிறத்தில் பூக்கும், எவ்வளவு குளிர் கேட்கும் என்று தெரிய ஆறேழு வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். விதைக்கன்றை ஒட்டுக்கட்டையாக வைத்துக்கொண்டு அதன்மேல் 'அன்னா'வை ஒட்டுவது என்றால் அது நல்ல யோசனை. வீட்டில் பேரிக்காய் மரம் இருக்கிறதே, அதிலேயே ஒட்டலாமா என்று நினைக்கவேண்டாம். அப்பிளும் பேரியும் சொந்தம்தான், ஆனாலும் அந்த ஒட்டு நின்று நிலைப்பதில்லை.

அக்கா வரும்போது பெட்டிக்குள் கன்றையோ கிளையையோ வைத்துக் கொண்டுவருவது மட்டும் வேண்டவே வேண்டாம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வட அமெரிக்காவில் அப்பிள், பேரி மரங்களைக் கருக்கிக் கொல்லும் தீக்கருகல் என்ற பக்றீரியா நோய் இருக்கிறது. வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியும் கிளைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வரைக்கும் எத்தனை வீட்டுக் கொல்லையில் பேரிக்காய் நிற்கிறது, அதில் எத்தனை குடும்பம் சீசனில் நாலு காசு பார்க்கிறது என்று யோசியுங்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, செடி கொண்டுவர முன்கூட்டியே அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் இருக்கும் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அதைப் பார்த்துத்தான் உள்ளே விடும். அந்த வழியில் வருவதற்கு முன், ஏற்கெனவே நாட்டில் இருக்கிற ஒட்டுக்கன்றைத் தேடுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரியுங்கள். சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது பலர் மேலே என்ன வகை என்று மட்டும் கேட்பார்கள். கீழே எந்த ஒட்டுக்கட்டை என்றும் கேளுங்கள். எம் 9 என்ற குட்டைக் கட்டை உலகம் முழுக்கப் பிரபலம். ஆனால் அதன் வேர்ப்பிடி பலவீனம், காற்றில் முட்டுக்கொம்பு இல்லாமல் நிற்காது, வேரில் பஞ்சு அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் பிடிக்கும். எம்எம் 106 நல்ல கட்டை, ஆனால் ஈரம் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியுமாக இருக்கும் நம்ம பக்கத்துக்கு எம்எம் 111 பொருத்தம். மரம் கொஞ்சம் பெரிதாக வளரும், ஆனால் வேர் ஆழமாகப் பிடிக்கும், பஞ்சு அசுவினியையும் தாங்கும்.

இனி இடம். வெளிநாட்டில் எழுதியதைப் படித்தால் பள்ளத்தில் நடாதே, அங்கே உறைபனி தங்கும் என்று இருக்கும். இங்கே நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், உறைபனி விழுந்த காலையில் மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கும், பள்ளத்துத் தேயிலை கருகிக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நமக்குக் குளிர் மணிக்கணக்குப் பற்றாக்குறை, ஆகவே அந்தக் குளிர் வேண்டியதுதான். தூங்கும் மொட்டை உறைபனி ஒன்றும் செய்யாது. விரிந்த பூவைத்தான், சுழியத்துக்குக் கீழே 2 பாகை போனால் கருக்கும். ஆனால் பள்ளத்தின் அடியில் தண்ணீரும் தேங்கும், அதை இந்த மரம் பொறுக்காது. ஆகவே சரிவின் கீழ்ப்பாதியில், குளிர் வந்து நிற்கிற, தண்ணீர் நிற்காத இடமாகப் பாருங்கள். மேல்பக்கம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 4, 5 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். பகலில் சுவர் வாங்கிய சூட்டை இரவில் விடும், அதுவும் நமக்கு வேண்டாம். வெயில் குறைந்தது 6 மணி நேரம் விழவேண்டும். நம்ம ஊரில் பிற்பகலானால் மூடிக்கொள்ளும் என்பதால் காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் நல்லது. இரவுப் பனியில் நனைந்த இலையும் சீக்கிரம் காயும்.

மண்ணைக் கவனிக்காமல் நட்டுவிடாதீர்கள். தேயிலை நின்ற மண் புளிப்பு மண், புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு 4.5, 5 என்று இருக்கும் (இலக்கம் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). தேயிலைக்கு அது சுகம். அப்பிளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். அவ்வளவு புளிப்பில் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கட்டையாக்கிவிடும். மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்து, சொல்லும் அளவு டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆகவே நடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டுக் கிளறி வைக்கவேண்டும். குழிக்குள் மட்டும் போடாமல், குழியைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்குப் போட்டால் வேர் பரவும்போது பிரயோசனப்படும்.

குழி கன்றின் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவுதான். ஆழமாகத் தோண்டி எருவைக் கொட்டி அதன்மேல் வைத்தால் எரு மக்கி மரம் கீழே இறங்கிவிடும். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரியட்டும். பையில் சுருண்ட வேர் இருந்தால் விரித்துவிடுங்கள், விரியாததை வெட்டுங்கள். மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கொஞ்சம் கலந்தால் போதும். மேலே கிரவிலியா இலையை மூடாக்காகப் பரப்பலாம், தண்டைத் தொடாமல். முதல் இரண்டு வருடம் முட்டுக்கொம்பு கட்டாயம். தேயிலைக்குப் போடும் பசளையை இதற்கும் ஒரு பிடி போடுவோம் என்ற பழக்கம் வேண்டாம். அது கொழுந்து வளர்க்கச் செய்த பசளை, நைதரசன் அதிகம். கொழுந்து வளரும், பூ வராது, தளதளவென்ற இலைக்கு நோயும் சீக்கிரம் வரும்.

மரத்தைத் தூங்கவைத்து எழுப்பும் வேலைக்கு வருவோம். இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் மலாங்குக்குப் பக்கத்தில் பாத்து என்ற மலையூர் இருக்கிறது. பூமத்திய கோட்டிலிருந்து நம்மைப் போலவே 8 பாகைக்குள்தான். குளிர்காலம் என்று ஒன்றே இல்லாத அந்த ஊரில் அப்பிள் தோட்டம் போட்டு வருடத்துக்கு இரண்டு முறை காய் எடுக்கிறார்கள். செய்வது இதுதான். காய் பறித்து முடிந்ததும் மரத்தின் இலை முழுவதையும் கையால் பிடுங்கிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதற்கு முன்பே இலையை எடுத்துவிட்டால், அதை அடக்கி வைத்திருக்கும் பிடி தளர்ந்து, குளிர் காணாமலே விழித்துக்கொள்ளும். சில வாரத்தில் பூ வரும்.

நம்ம மலைநாட்டுக்கு இதை இப்படிப் பொருத்தலாம். டிசெம்பர் கடைசியிலிருந்து மரத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள், பசளை அதற்கு முன்பே நின்றிருக்கவேண்டும். ஜனவரி முழுக்க வருகிற குளிர் இரவுகளை மரம் வாங்கட்டும். அது நமக்கு இலவசமாகக் கிடைப்பது. பெப்ரவரி முதல் வாரம் இலை பிடுங்குங்கள். இந்தக் கணக்கில் பூ மார்ச்சில் வரும். அப்போது உறைபனி ஆபத்துக் குறைந்திருக்கும், மழையும் பெரிதாகப் பிடித்திருக்காது. ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரும்போது கடைசிப் பூவும் புதுத்துளிரும் சேர்ந்து நிற்கும். மழைக் காலத்தில் பூக்கவைத்தால் இதழ் ஊறி அழுகிவிடும், தேனீயும் வெளியே வராது.

இலை பிடுங்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளமாக ஓடும் கிளையின் பக்கத்தில், விரல் நுனி அளவுக்குக் குட்டையான, வளையம் வளையமாகச் சுருங்கிய குறுங்கிளைகள் இருக்கும். அதன் நுனியில் உருண்டு பருத்து, சாம்பல் நிற மெல்லிய ரோமம் போர்த்திய மொட்டு இருந்தால் அது பூமொட்டு. கிளையோடு ஒட்டினாற்போல் ஒல்லியாக, கூராக இருப்பது இலைமொட்டு. பூமொட்டே இல்லாத மரத்தில் இலை பிடுங்கினால் புது இலைதான் வரும். ஆகவே நட்ட முதல் இரண்டு மூன்று வருடம் இந்த வேலையே வேண்டாம், மரம் உடம்பு பிடிக்கட்டும். பருத்த மொட்டுகள் பரவலாகத் தெரியும் வருடம் தொடங்குங்கள். இலையை இழுத்தால் கக்கத்து மொட்டும் தோலோடு உரிந்துவிடும் என்று பயமாக இருந்தால், சின்னக் கத்தரிக்கோலால் இலையை நறுக்கிக் காம்பை மட்டும் விட்டுவிடுங்கள். காம்பு சில நாளில் தானாக விழும். மருந்தடித்து இலை உதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டு முற்றத்து ஒற்றை மரத்துக்கு அது தேவையில்லை, ஒரு சனிக்கிழமை வேலை இது.

கூடவே கிளையை வளைத்துக் கட்டுவதும் முக்கியம். நேராக மேலே நிற்கும் கிளையில் நுனிமொட்டு மட்டும் விழித்து மற்றதை அடக்கிவிடும். குளிர் குறைந்த இடத்தில் இது இன்னும் மோசம். கிளையைச் சாய்த்து, ஏறக்குறையப் படுக்கையாக வரும்படி கயிற்றால் தரையில் அடித்த முளையில் கட்டினால் நடுமொட்டுகளும் விழிக்கும். மழைக்காலத்தில் கிளை இளசாக இருக்கும்போதே வளைக்கவேண்டும். முற்றிய பிறகு வளைத்தால் ஒடியும்.

இலை பிடுங்கி ஒரு வாரம் கழித்து ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மொட்டு வீங்கி, நுனி பச்சையாகி, அப்புறம் ரோஸ் நிறப் புள்ளியாக வெடிக்கும். எல்லா மொட்டும் ஒரே நாளில் வராது. கனடாப் படத்தில் இருப்பது மாதிரி இலையே இல்லாமல் மரம் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பூவும் இலையும் கலந்து, மூன்று நாலு வாரம் இழுத்துப் பூக்கும். எனக்கு அதுவும் அழகாகத்தான் படுகிறது, அதிக நாள் பூ இருக்கிறதே.

கவ்வாத்து, அதாவது கிளை வெட்டும் விஷயத்தில் உங்கள் அப்பாவிடம் கத்தியைக் கொடுக்கும் முன் கொஞ்சம் பேசிக்கொள்ளுங்கள். தேயிலையில் கவ்வாத்து என்றால் இறக்கி வெட்டி, மட்டமாக்கி, கொழுந்து வெடிக்க வைப்பது. அந்தக் கை இந்த மரத்தில் விழுந்தால், வெட்டின இடத்திலிருந்து நெட்டையான போத்துகள் கும்பலாகக் கிளம்பும், அந்த வருடமும் அடுத்த வருடமும் பூவைப் பார்க்க முடியாது. பூ வருவது அந்தச் சுருங்கிய குறுங்கிளையில். அதை வெட்டினால் பல வருடப் பூவை வெட்டினதாகும். செத்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, நட்டுக்கு நிற்கும் போத்து, ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிர் இவற்றை மட்டும் எடுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வருவது ஒட்டுக்கட்டையின் சொந்தக் கிளை, விட்டால் அதுவே மரமாகி மேல்மரத்தை அமுக்கிவிடும். வெட்டுகிற நேரம் பூ முடிந்த உடனே. அடுத்த பருவத்து மொட்டு அதற்குப் பின் வரும் மாதங்களில் உருவாகும். காற்றும் வெளிச்சமும் மரத்துக்குள் நுழைந்து போகிற மாதிரித் திறந்து விட்டால் போதும்.

நோய் என்று பார்த்தால் நமக்குப் பெரிய எதிரி சொறிநோய். இலை ஒரு நாளில் பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பரவும் பூஞ்சணம் அது. இலையில் ஒலிவ் நிறத்தில், வெல்வெட் மாதிரிப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிரும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், 'அன்னா'வுக்கு இதில் எதிர்ப்பு இல்லை. கிராப் அப்பிளில் எதிர்ப்புள்ளவை உண்டு. ஜப்பானிய புளோரிபண்டா மரத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணுவை வைத்துத்தான் உலகத்துச் சொறி தாங்கும் அப்பிள்களில் பெரும்பங்கை உண்டாக்கினார்கள். வீட்டில் செய்யக்கூடியது, விழுந்த இலையைக் கூட்டி எரிப்பது அல்லது ஆழமாகப் புதைப்பது. பெப்ரவரியில் பிடுங்கும் இலையையும் மரத்தடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள், பழைய பூஞ்சணத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வறண்ட மாதத்தில் துளிரில் மாப்பூசினது போல வெள்ளை படர்ந்தால் அது சாம்பல் நோய், நுனியைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கந்தகத் தூள் கரைசல் தெளிக்கலாம், வெயில் தாழ்ந்த நேரத்தில். கிளை முடிச்சிலும் வெட்டுக்காயத்திலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டினது மாதிரி இருந்து, நசுக்கினால் சிவப்பாகச் சாயம் வந்தால் பஞ்சு அசுவினி. பழைய பல்துலக்கும் பிரஷைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் இதற்கு மருந்தே வேண்டாம்.

மிருகங்களைச் சொல்லாமல் விட முடியாது. காடு ஒட்டிய இடமென்றால் மரை வந்து துளிரை மேயும், முள்ளம்பன்றி அடித்தண்டின் தோலைக் கடிக்கும். முதல் சில வருடம் தண்டைச் சுற்றி ஒரு ஆள் இடுப்பளவுக்குக் கம்பிவலை இருக்கட்டும். குரங்குக்கு வலை பத்தாது, காய் பிடித்ததும் பிஞ்சிலேயே பறித்துவிடுவதுதான் வழி. கிராப் அப்பிள் காய் என்றால் கடும் புளிப்பு, அச்சாறு போடவும் ஜெலி காய்ச்சவும் அருமையாக இருக்கும். காயிலேயே பெக்டின் நிறைய இருப்பதால் ஜெலி தானாக உறையும்.

இவ்வளவும் படித்துவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால், அதே முற்றத்துக்கு மூன்று மரம் சொல்கிறேன். முதலாவது நம்ம பேரிக்காய். இந்தக் குளிருக்கு எப்போதோ பழகிவிட்டது, வெள்ளை வெளேரென்று கொத்தாகப் பூக்கும், கன்று கிடைக்கும், காயும் தரும். அழகுக்கென்று யாரும் அதை நடுவதில்லை, நட்டால் என்ன? இரண்டாவது, பழைய துரை பங்களாத் தோட்டங்களில் நிற்கும் பீச்சஸ். ரோஸ் நிறப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் கிட்டத்தில் வரும். நன்றாகப் பூக்கும் மரத்தைப் பார்த்து வைத்து அதிலிருந்தே ஒட்டு எடுக்கவேண்டும். மூன்றாவது இமயமலைக் காட்டுச் செரி. ஷில்லாங்கில் நவம்பரிலும், வட தாய்லாந்து மலைகளில் டிசெம்பர், ஜனவரியிலும் மலையே ரோஸாக மாறுவது இந்த மரத்தால்தான். ஜப்பான் செரிக்கு வேண்டிய குளிர் இதற்கு வேண்டாம். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் இருப்பவர்கள் கிராப் அப்பிளை விட்டுவிட்டு இதை முயலலாம், அதையும் முறைப்படி அனுமதி எடுத்து வரவழைத்த விதையில்.

தங்கச்சிக்கு நான் சொல்வது, பேரி ஒன்று, 'அன்னா' ஒன்று என்று இரண்டையும் நடுங்கள். பேரி சீக்கிரம் பூத்து முற்றத்தை நிறைக்கும், 'அன்னா'வோடு நீங்கள் பொறுமையாக மல்லுக்கட்டலாம். இப்போதைக்குக் கன்று தேட ஓடவேண்டாம். முற்றத்து மண்ணை நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு பையில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பீ.எச். பார்க்கச் சொல்லுங்கள். அந்த இலக்கம் கையில் வந்ததும் எழுதுங்கள், எவ்வளவு டொலமைட் என்று பார்த்துச் சொல்கிறேன்.